தெனாரியஸின் மாற்று: ரோமப் பேரரசு பற்றிய காசுக் குறிப்பேடு

2024 ஜூன் 3, திங்கள்

ரோமின் வீழ்ச்சி என்றதுமே பேச்சு விருந்து, களியாட்டம், ஒழுக்கக்கேடு என்று ஓடிவிடும். இந்தக் குறிப்பேட்டில் அவற்றுக்கு இடமில்லை. எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொருளை: தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு. அதன் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, எப்படி மாறியது என்பதே கதை.

இது பிறந்தது ஏறத்தாழ கி.மு. 211இல், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுடன் ரோம் உயிரைக் கொடுத்துப் போரிட்டுக்கொண்டிருந்தபோது. 10 செப்புக்காசு மதிப்பு என்பதால் மேலே X என்ற குறி இருக்கும். முதலில் ஒரு ரோம ராத்தல் வெள்ளிக்கு 72 காசு அடித்தார்கள். விரைவிலேயே அது 84 ஆனது. ரோம ராத்தல் சுமார் 327 கிராம், ஆகவே ஒரு காசு 3.9 கிராம். இந்த 84 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும். காசு அடித்த இடம் கேப்பிடலின் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தின் ‘மின்ட்’, ‘மணி’ இரண்டுமே அந்த அம்மனின் பெயரிலிருந்து வந்தவை.

ஜூன் 5, புதன்

அடிக்கும் முறை. ஈயத் தாதில் வெள்ளி கலந்திருக்கும். உருக்கிய ஈயத்தை எலும்புச் சாம்பலோ களிமண்ணோ பூசிய குழியில் வைத்து மேலே காற்றை ஊதினால் ஈயம் ஆக்ஸைடாகிப் பிரியும். வெள்ளி மட்டும் குழியில் தங்கும். நம் பத்தர்கள் புடம் போடுவது என்பதும் இதே வேலைதான்.

பிறகு எடை பார்த்த வில்லைகள். கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், முகம் அதில். மேல் அச்சைக் கையில் பிடித்து, இடையில் சூடான வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அடி நேராக விழுவது மேல் அச்சில் என்பதால் அதுதான் முதலில் தேயும், பிளக்கும்.

தவறுகளும் பார்க்கச் சுவையானவை. அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதுக் காசின் ஒரு பக்கம் வழக்கமான முகம், மறுபக்கம் அதே முகம் குழிவாகவும் இடவலம் மாறியும் விழும். கள்ளக்காசு வேறு வகை. செப்பு வில்லையை வெள்ளித் தகட்டால் சுற்றிச் சூடாக்கி அடித்துவிடுவார்கள். விளிம்பில் தகடு சேருமிடம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். நாள்பட்டால் அங்கே பச்சைக் களிம்பு கசியும்.

ஜூன் 8, சனி

காசு எதற்கு? முதன்மையாகப் படைக்கு. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ், 75 வீதம் மூன்று தவணை. 25 தெனாரியஸ் ஒரு தங்க ஔரியஸுக்குச் சமம், ஆக ஆண்டுச் சம்பளம் 9 ஔரியஸ். அக்கால ஔரியஸ் கிட்டத்தட்ட 8 கிராம், அதாவது நம் கணக்கில் ஒரு பவுன். உணவுக்கும் உடைக்கும் இதிலேயே பிடித்தம் உண்டு.

25 லீஜியன், ஒன்றுக்குத் தோராயமாக 5,000 பேர் என்றால் ஆண்டுக்கு 2.8 கோடி தெனாரியஸ். முழுவதையும் புது வெள்ளியில் கொடுத்தால் 109 டன். வரியாகத் திரும்பி வரும் காசு சுழலும் என்றாலும், தேய்வுக்கும் புதைவுக்கும் ஏற்றுமதிக்கும் ஈடுகட்டச் சுரங்கம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பெயினின் கார்த்தகோ நோவா சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்தார்கள் என்றும், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 டிராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) வந்தது என்றும் வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதிவைத்தார். அந்த வெள்ளியை வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜிடமிருந்து பறித்ததுதான் ரோமின் எழுச்சியில் பாதி என்பது என் கருத்து.

ஜூன் 9, ஞாயிறு

ஏற்றுமதி என்றதும் நம் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ முசிறி என்கிறது அகநானூற்றின் 149ஆம் பாட்டு. கறி என்றால் மிளகு. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்டியஸை விழுங்குகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து புலம்பினார் ரோம எழுத்தாளர் பிளினி. 4 செஸ்டர்டியஸ் ஒரு தெனாரியஸ், ஆகவே அது 1.25 கோடி தெனாரியஸ். புலம்பலில் சொன்ன எண் அது. அப்படியே நம்பிவிடக் கூடாது.

மண்ணில் கிடைப்பது இன்னும் நல்ல சாட்சி. கோவை, கரூர்ப் பகுதிப் புதையல்களின் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸும் திபேரியஸும் அடித்தவை. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 தங்கக்காசுகள் வெஸ்பாசியன் காலம் வரை வருகின்றன, பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளி வெட்டு. உள்ளே செம்பா என்று பார்க்கவும் வெட்டுவதுண்டு. ஆனால் அதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதும், முகத்தைப் பிளக்கத் தேவையில்லை. இனி இது காசல்ல, வெறும் பொன் என்று அறிவிக்கும் வெட்டாகவே எனக்குப் படுகிறது.

ஜூன் 12, புதன்

பேரரசர் நீரோ, கி.பி. 64. ரோம் எரிந்த ஆண்டு. தெனாரியஸ் ராத்தலுக்கு 84இலிருந்து 96 ஆனது, ஔரியஸ் 40இலிருந்து 45. எடைக் குறைப்பு வெளிப்படையானது. மறைவாக நடந்தது, வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் செம்பைக் கலந்தது. கூட்டிப் பாருங்கள்: முன்பு ஒரு ராத்தல் தூய வெள்ளியில் 84 காசு, இப்போது 120.

பழைய நூல்களில் நீரோ காசின் மாற்று 90 விழுக்காட்டுக்கு மேல் என்றிருக்கும். காரணம் அளந்த இடம். செம்பு கலந்த வில்லையைச் சூடாக்கினால் மேற்பரப்புச் செம்பு ஆக்ஸைடாகும். அதைப் புளிப்பில் ஊறவைத்துக் கழுவினால் வெளித்தோல் வெள்ளி மிகுந்து பளபளக்கும். தோலை அளந்தவர்கள் ஏமாந்தார்கள். விளிம்பில் மெல்லிய துளை போட்டு உள்ளிருந்து எடுத்த தூள்தான் உண்மையைச் சொன்னது.

64க்குப் பிந்தைய தெனாரியஸ் தமிழகப் புதையல்களில் அரிது. இங்கிருந்த வணிகருக்கு யாரும் அறிக்கை அனுப்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு உரைகல் போதும்.

ஜூன் 13, வியாழன்

துளை போடாமல் மாற்றைக் காண வழி உண்டா? அடர்த்திச் சோதனை உண்டு, ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும். காசைக் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய இழையில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் காசு விலக்கிய நீரின் எடை. 3.40 கிராம் காசு தூய வெள்ளியானால் வேறுபாடு 0.324 கிராம், 80 விழுக்காடானால் 0.335, பாதிக்குப் பாதி செம்பானால் 0.352.

எண்களின் நெருக்கத்தைப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு இதற்கு உதவாது, 0.001 காட்ட வேண்டும். எழுத்தின் இடுக்கில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலே நல்ல காசு கள்ளக்காசாகத் தெரியும். நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி விலகும். மண்ணில் அரித்த காசின் துளைகள் மாற்றைக் குறைத்துக் காட்டும். ஈயம் கலந்திருந்தால் தலைகீழ்: ஈயம் வெள்ளியைவிட அடர்ந்தது, மாற்றைக் கூட்டிக் காட்டும். ஆக இது சந்தேகத்தைக் கிளப்பும் சோதனை, தீர்க்கும் சோதனை அல்ல.

ஜூன் 16, ஞாயிறு

பேரரசர் டொமிஷியன் 82இல் மாற்றை மீண்டும் உயர்த்தினார். வீரர் சம்பளத்தையும் 300 தெனாரியஸாக்கினார். இரண்டும் சேர்ந்து நிற்கவில்லை, 85இல் மாற்று இறங்கியது.

ஜூன் 19, புதன்

165இல் படையோடு திரும்பி வந்தது ஒரு கொள்ளைநோய். வெள்ளி உருக்கும் உலைகளின் ஈயப் புகை கிரீன்லாந்துப் பனியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த நோய்க்காலத்தில் படிவு சட்டென்று சரிகிறது, பிறகு 500 ஆண்டுகளுக்குமேல் பழைய அளவுக்கு ஏறவேயில்லை. அடுத்து வந்த பேரரசர்களைக் குறை சொல்லும் முன் இந்தப் பனியைப் பார்க்க வேண்டும்.

செப்டிமியஸ் செவெரஸ் படைபலத்தால் ஆட்சிக்கு வந்தவர். சம்பளத்தைக் கூட்டினார், தெனாரியஸைப் பாதிக்குப் பாதி செம்பாக்கினார். மகன் கராகல்லா 215இல் புதுக்காசு கொண்டுவந்தார், தலையில் கதிர்முடி. நாம் இதை அந்தோனினியானஸ் என்கிறோம். மதிப்பு 2 தெனாரியஸ் என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள், எடையோ ஒன்றரைக் காசுதான். அதாவது 2 தெனாரியஸில் 3.2 கிராம் வெள்ளி, இதில் 2.55. மீதி அரசுக்கு.

ஜூன் 22, சனி

260இல் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னன் ஷாபூரிடம் சிறைப்பட்டார். மகன் காலியெனஸ் ஆட்சி 268இல் முடிந்தபோது அந்தோனினியானஸில் வெள்ளி நூற்றுக்கு 5 கூட இல்லை. புதிதில் வெள்ளைப் பூச்சு, சில மாதப் புழக்கத்தில் செம்பு எட்டிப் பார்க்கும். நல்ல காசை எல்லோரும் பானையில் போட்டுப் புதைத்தார்கள். வரிக்கு வந்ததெல்லாம் மட்டக்காசு. அதை உருக்கி மீண்டும் அடிக்கும்போது மாற்று இன்னும் இறங்காமல் என்ன செய்யும்?

ஜூன் 26, புதன்

பேரரசர் டியோக்ளீஷியன் 301இல் விலையாணை போட்டார்: 1,200க்கு மேற்பட்ட சரக்குக்கும் கூலிக்கும் உச்சவரம்பு, மீறினால் மரண தண்டனை. விளைவைச் சொன்னவர் லாக்டான்ஷியஸ்: பயத்தில் சரக்கு சந்தைக்கே வரவில்லை. அவர் டியோக்ளீஷியனை வெறுத்த கிறித்தவர், இருந்தாலும் இதில் பொய் சொல்லத் தேவையிருந்திருக்காது.

அந்த ஆணையில் ஒரு ராத்தல் தங்கம் 72,000 தெனாரியஸ். அகஸ்டஸ் காலத்தில் 40 ஔரியஸ், ஒன்றுக்கு 25, ஆக 1,000. பழைய பதிப்புகளில் 50,000 என்று கண்டால் குழம்ப வேண்டாம். பின்னால் கிடைத்த கல்வெட்டுத் துண்டுக்குப் பிறகு திருத்தப்பட்டது.

ஜூன் 30, ஞாயிறு

பேரரசர் கான்ஸ்டன்டைன் வெள்ளியை விட்டுத் தங்கத்தைப் பிடித்தார். சொலிடஸ்: ராத்தலுக்கு 72, ஒன்று 4.5 கிராம். ஒரு சொலிடஸ் 24 சிலிக்வா (ரோமரின் ஒரு சிறு நிறை அளவு) எடை, நம் நகைக்கடையின் ‘24 காரட்’ அங்கிருந்து வந்தது. பிற்காலச் சொலிடஸின் கீழே CONOB என்ற எழுத்துகளில் கடைசி இரண்டும் புடம்போட்ட தங்கம் என்று பொருள்படும்.

ஆகவே மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தபோது காசு நல்ல மாற்றில்தான் இருந்தது. குறைந்தது காசின் எண்ணிக்கை. 408இல் காத் இனத் தலைவர் அலரிக் ரோமை முற்றுகையிட்டுக் கேட்ட கப்பம்: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 3,000 ராத்தல் மிளகு. கிட்டத்தட்ட ஒரு டன் மிளகு, நம் மேற்குக் கரைச் சரக்கு. 439இல் வாண்டல்கள் என்னும் ஜெர்மானிய இனத்தார் கார்த்தேஜைப் பிடித்தார்கள்; ரோமுக்குத் தானியமும் வரியும் அனுப்பிவந்த ஆப்பிரிக்கா போயிற்று. 444இல் விற்பனை ஒவ்வொன்றிலும் 24இல் 1 பங்கு வரி போட்டார் மூன்றாம் வலென்டினியன், படைக்குச் சோறும் துணியும் கொடுக்க முடியவில்லை என்று காரணம் சொல்லி. 468இல் ஆப்பிரிக்காவை மீட்கப் போன பெரும் கப்பற்படை வாண்டல்களின் தீக்கப்பல்களுக்கு இரையானது.

476இல் மேற்கின் கடைசிப் பேரரசரான சிறுவன் ரொமுலஸை படைத்தலைவர் ஒடோவேக்கர் அரியணையிலிருந்து இறக்கினார். அவரும் சொலிடஸ் அடித்தார், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த சீனோ பேரரசரின் பெயரில். ராத்தலுக்கு அதே 72.