விரல் மடங்கும் நேரம்: முடக்கு வாதமும் கேமராவும்

2024 டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்தாயிற்று. கேமரா வைத்திருப்பவர்கள் நாலரைக்கு அலாரம் வைக்கும் மாதம். முடக்கு வாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்த கைக்கு அந்த நேரம் ஆகாது. எழுந்ததும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் இருக்கும் விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். குளிரில் பலருக்கு இன்னும் கூடும். சென்னையில் இப்போது சூரியன் 6.25 வாக்கில் எழுகிறது. மடக்க வராத விரலோடு அப்போது மெரினாவில் நின்றால் படம் தவறுவது இருக்கட்டும், கேமராவே கை தவறும்.

உதயத்தை விட்டுக்கொடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் லென்ஸுக்கு நேர் எதிரே. படகும் ஆளும் கறுத்துத்தான் விழும். மாலை நாலரைக்கு அதே இடத்தில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வரும். வலை, முகம், படகின் பெயின்ட் உரிந்த இடம் எல்லாம் துலங்கும். ஒரே தொல்லை, பொழுது இறங்க இறங்க நம் நிழல் நீண்டு ஃப்ரேமுக்குள் வந்துவிடும். அகலக் கோணத்தை விட்டு 50 மி.மீ.க்கு மேல் லென்ஸ் போட்டால் தப்பலாம். ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் நின்றே ஓய்ந்துபோகும் அபாயமும் இல்லை.

மணலில் நடந்தால் கணுக்கால் வீங்குபவர்கள் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்ட நடைபாதையைப் பயன்படுத்தலாம். அதன் கடல் பக்க முனையில் கைப்பிடி மேல் முழங்கையை ஊன்றினால் அதுவே டிரைபாட்.

டிசம்பர் 22, ஞாயிறு

கோலம். குனிந்து மண்டியிட்டு எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. முழங்கால் மடங்காதவர்களுக்கு இரண்டு வழி. மோனோபாட் எனும் ஒற்றைக் கால் தாங்கியின் முனையில் கேமராவை மாட்டித் தலைகீழாகத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, 10 வினாடி டைமர் வைத்து எடுத்து, படத்தைப் பிறகு கணினியில் திருப்பிக்கொள்வது ஒன்று. முதல் மாடி பால்கனியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுப்பது இன்னொன்று. புள்ளிக் கோலத்துக்கு இரண்டாவதுதான் அழகு, புள்ளி வரிசை கோணலாகாது.

சாணம் தெளித்த ஈரத் தரை கறுப்பு, மாவு வெள்ளை. ஃப்ரேமில் தரை அதிகம் இருந்தால் கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். மாவு வெளுத்து, இழையே தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை மைனஸ் முக்காலிலிருந்து ஒன்று வரை இறக்க வேண்டும். ஏழரை மணிக்கு, அதாவது விரல் ஓரளவு இளகும் நேரத்துக்கு, வெயில் சாய்வாக விழும். கை விட்ட மாவின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். விடியலில் எடுத்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

எடையைப் பற்றி. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, உதாரணத்துக்கு கேனான் 5டி மார்க் 4, ஏறக்குறைய 890 கிராம். அதோடு 70-200 எஃப்2.8 லென்ஸ், ஒன்றரை கிலோவை ஒட்டி. இரண்டும் சேர்ந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல். கேனான் 200டி 453 கிராம், அதற்கு 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 375 கிராம். மொத்தம் 830 கூட இல்லை. சென்சார் சிறிதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைப் பக்கம் போனால் ஒலிம்பஸ் 40-150 எஃப்4-5.6 வெறும் 190 கிராம், 45 எஃப்1.8 116 கிராம்.

மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். முன்னால் நீண்ட லென்ஸ் மூக்கைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது வலது கட்டைவிரலின் அடி மூட்டும் மணிக்கட்டும். அதனால் எடையை இடது உள்ளங்கையில் லென்ஸுக்கு அடியில் ஏந்தி, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வலது கை கேமராவைத் தூக்கக் கூடாது, பட்டனைத் தொட்டால் போதும். சின்ன மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது என்று பிசியோதெரபிஸ்ட்கள் சொல்வது இதைத்தான்.

கிரிப் மெலிதாக இருக்கும் கேமராவை விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் தடிமன் கூடி, கை பாதி திறந்த நிலையிலேயே பிடி கிடைக்கும். பேட்டரிக் கதவையும் கார்டு கதவையும் மூடிவிடாமல் சுற்ற வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், வலிக்கும் மூட்டிலேயே போய்த் தொங்கும். பூணூல் போலக் குறுக்கே போடும் அகலப் பட்டை நல்லது. கழுத்து எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

போட்டோ வாக் போகும் கூட்டத்தில் பெரிய வெள்ளை லென்ஸ் வைத்திருப்பவர்தான் போட்டோகிராஃபர், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. வேடந்தாங்கலில் தூரத்து மரத்து நாரையை எடுக்க அது வேண்டும்தான். கரை ஓரத்து மரத்தில் கூடு கட்டிய நாரைக்கு 250 மி.மீ. போதும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் போட்டோகிராஃபர் வேலைதானே.

ஜனவரி 8, புதன்

சில்லறை எதிரிகள். லென்ஸ் மூடி இரு பக்கமும் கிள்ளித் திறப்பது. அதை வீட்டில் விட்டுவிட்டு யூவி ஃபில்டரும் ஹூடும் நிரந்தரமாக மாட்டிவைக்கலாம். பேட்டரி வெளியே வராமல் முரண்டு பிடித்தால் அதன் முதுகில் துணி டேப் ஒட்டி வால் விட்டுக்கொள்ள வேண்டும், உலோக முனைகளை மறைக்காமல். மெமரி கார்டை நகத்தால் நெம்புவதைவிட யூஎஸ்பி வயரிலோ வைஃபையிலோ படத்தை இறக்குவது மேல். வெளியிடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள்: ஒரு கையால் பட்டனை அமுக்கி மறு கையால் முறுக்குவது, விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளும் அசைவு. முடக்கு வாதத்தில் விரல்கள் கோணுவதும் அதே திசையில்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஷட்டரைப் பாதி அமுக்கிப் பிடித்தபடி காத்திருப்பதுதான் ஆள்காட்டி விரலைக் கொல்கிறது. ஃபோகஸை கேமராவின் முதுகில் உள்ள பட்டனுக்கு மாற்றலாம் என்பார்கள். ஆனால் அங்கே வேலை செய்வது கட்டைவிரல், பலருக்கு முதலில் வலிப்பதும் அதுவே. எந்த விரல் மோசமோ அதற்கு ஓய்வு கிடைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை மாற்றினாலும் தப்பில்லை. இரண்டுமே முடியாத நாளில் திரையைத் தொட்டால் ஃபோகஸ் ஆகி எடுக்கும் டச் ஷட்டர். அதை நடுவிரல் கணுவாலும் தட்டலாம்.

ஃபூஜி எக்ஸ்-டி30 போன்றவற்றில் ஷட்டர் பட்டனில் மரை இருக்கும். அதில் குமிழ் ஒன்றைத் திருகினால் விரல் நுனிக்குப் பதில் விரலின் சதையால் அமுக்கலாம். சாம்சங் போனில் அமைப்பில் குரல் கட்டளையை இயக்கிவிட்டு "ஷூட்" என்றால் எடுத்துக்கொள்ளும். கூச்சப்பட என்ன இருக்கிறது.

கை நடுக்கத்துக்குக் கணக்கு: 200டியில் 50 மி.மீ. லென்ஸுக்கு வழக்கமான குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/80 வினாடி. வீங்கிய மணிக்கட்டுக்கு அது போதாது, 1/200க்குக் கீழே போக வேண்டாம். ஒளி உணர்திறனை கேமராவே கூட்டிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சம் 3200. புள்ளி புள்ளியாக வந்த படத்தைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது, ஆடிய படத்தை மீட்பது கடினம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மருந்தும் கேமராவும். முடக்கு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மாத்திரை. மறுநாள் பலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். சனிக்கிழமை போட்டுக்கொள்பவர் ஞாயிறு போட்டோ வாக்குக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது; எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். இம்மருந்து சிலருக்கு வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. நோய் எதிர்ப்பும் குறைவதால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் செருப்போடு சுற்றி மீன் முள் குத்திக்கொள்ள வேண்டாம், மூடிய ஷூ.

இதே நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். தொடங்கும்போது ஒன்று, ஐந்து ஆண்டுக்குப் பின் வருடந்தோறும். ஆரம்பப் பாதிப்பு தானாகத் தெரியாது என்பதால் "நன்றாகத்தானே தெரிகிறது" என்று தள்ளிப்போடக் கூடாது. கண்ணில் சொட்டு விட்டுப் பாவையை விரித்தால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்குப் படம் கிடையாது. மற்ற நாளில் வ்யூஃபைண்டர் மங்கினால் பயப்படுமுன் அதன் பக்கத்துச் சிறு சக்கரத்தைப் பாருங்கள். பைக்குள் உரசித் திரும்பியிருக்கும்.

ஸ்டீராய்டு கூட்டிய வாரம் கை பறக்கும். அந்தத் தெம்பை நம்பி ஆறு மணி நேரம் அலைந்தால், மறுநாள் டம்ளரைத் தூக்க முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெளியே போக முடியாத வாரங்களுக்கு ஜன்னல் இருக்கிறது. செக் நாட்டு யோசெஃப் சூடெக் (1896-1976) முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராகில் தன் ஸ்டூடியோ ஜன்னலை, பனி படிந்த அதன் கண்ணாடியை, வெளியே நின்ற முறுக்கிய மரத்தை 1940 முதல் பல ஆண்டுகள் எடுத்தார். வேறு வழியில்லாமல் செய்தது போல அந்தப் படங்கள் தெரியவில்லை. அந்த ஜன்னலை அவரளவுக்கு யாரும் பார்க்கவில்லை என்றுதான் தெரிகிறது.

நம் ஜன்னலில் கம்பி இருக்கும். லென்ஸைக் கம்பிக்கு ஒட்டிவைத்து அதன் துளையை எஃப்1.8, 2.8 என்று அகலத் திறந்தால், தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது கம்பி கரைந்துவிடும். உள்ளே காய்கறி, பித்தளை எடுக்க நினைத்தால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் துணி கிளிப்பால் ஜன்னலில் மாட்டினால் வெளிச்சம் மெத்தென்று பரவும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி படத்திலும் நீலம் காட்டும். வெள்ளைத் தாளை எடுத்து ஒயிட் பேலன்ஸ் அமைத்துக்கொள்ளவும். எதிர்ப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. எஃப்8, ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர்.

கேமராவை வைக்கப் பை: பழைய ஜீன்ஸ் காலில் 30 செ.மீ. வெட்டி ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு வெல்க்ரோ. ஜிப் வேண்டாம், கிள்ள வேண்டிவரும். உள்ளே ஒரு கிலோ அரிசி, பையில் முக்கால் பாகம் மட்டும். நிறைத்தால் கேமரா உருளும். மாதம் ஒரு முறை அரிசியை மாற்றாவிட்டால் வண்டு வரும்.

மார்ச் 9, ஞாயிறு

வலி கூடி மூன்று வாரம் படுத்தால் உடம்பைவிட லென்ஸுக்கு ஆபத்து. பீரோவுக்குள் பையோடு கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பையின் நுரையே ஈரத்தைப் பிடித்துவைக்கும். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் படர்ந்த பிறகு வெயிலில் வைத்துப் பயனில்லை, சில வகை கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும்.

ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், சிலிக்கா ஜெல். முள் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் ரப்பரும் எண்ணெயும் உலரும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு, ஆரஞ்சு வாங்குங்கள். நிறம் மாறினால் சிறு தீயில் வறுத்து மீட்கலாம், சமையல் சட்டியில் அல்ல. டப்பாவின் கிளிப் உள்ளங்கையால் திறக்கிற அளவு அகலமா என்று கடையிலேயே பாருங்கள். விரலுக்கு அடங்காத டப்பா திறக்கப்படாமலே கிடக்கும்.

மார்ச் 20, வியாழன்

படம் பொறுக்குவது எடுப்பதைவிட விரலுக்குப் பாரம். லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருளில் கேப்ஸ் லாக் போட்டுவிட்டால், வைத்துக்கொள்ள 'பி', தள்ள 'எக்ஸ்', அடுத்த படம் தானே வரும்; மவுஸ் தேவையில்லை. தொடர் படம் எடுத்துத் தள்ளினால் இங்கே வந்து கூலி கொடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மயிலையில் பங்குனித் திருவிழா. அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் இறங்கி எடுப்பது நம்மால் ஆகாது: நெரிசல், இடி, பிற்பகல் வெயில். தெரிந்தவர் வீட்டு முதல் மாடியைக் கேட்டுவைக்க வேண்டும். மொட்டை மாடி வேண்டாம். படி அதிகம், கோணமும் செங்குத்தாகி மூர்த்திகளின் தலை மட்டும் தெரியும். முதல் மாடியிலிருந்து 55-250இல் 100 வாக்கில் வைத்தால் பல்லக்கும் தூக்குவோர் தோளும் சேர்ந்து வரும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் வெயில் நேரே லென்ஸில் அடிக்கும், எதிர் வரிசை வீடே நல்லது. முன்கூட்டியே போய், கைப்பிடிச் சுவரின் உயரம் முழங்கைக்குச் சரியா என்று பார்த்துவிடவும். உயரம் போதாவிட்டால் அந்த ஜீன்ஸ் பையை எடுத்துப்போகலாம். அரிசியைச் சுமக்க வேண்டியதில்லை, வெறும் பையை மடித்துக்கொண்டுபோய் அந்த வீட்டிலேயே கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.