மஞ்சளுக்கும் படம் எடுக்குமா?

கட்டாருக்கு வீட்டுச் சாரதியாகப் போவதற்காக என்னிடம் வாகனம் ஓட்டப் பழகிய பையன் ஒருவன், கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் கேட்டான்: "சேர், அங்கே மஞ்சள் விளக்குக்கும் கமரா படம் எடுக்குமா?"

"மஞ்சளைக் கண்டால் நின்றுவிடு தம்பி. மற்றதை யோசிக்காதே" என்றேன்.

விடை எனக்குத் தெரியாமல் இல்லை. சிவப்பு விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்டுகிற வாகனத்தைத்தான் அந்தக் கமரா பிடிக்கும். மஞ்சளிலேயே கோட்டைக் கடந்தவனை விட்டுவிடும். ஆனால் இதைச் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? நம் ஊரில் சந்தியில் பொலிஸ் நிற்கும்வரைதான் சிவப்புக்கு மரியாதை; மஞ்சளோ அக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லும் உத்தரவு. கட்டாரில் சிவப்பைத் தாண்டினால் தண்டம் 6,000 ரியால். ஒரு வீட்டுச் சாரதிக்கு அது சில மாதச் சம்பளம்; போவதற்கு வாங்கிய கடன் வேறு. விளக்கத்தைவிடப் பயம் அவனைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதிப் பாதிதான் தொல்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவன் சுதாரித்து, பிரேக் பிடித்து, வாகனத்தை நிறுத்த ஏறத்தாழ 28 மீற்றர் வேண்டும். கோட்டுக்கு 15 மீற்றர் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் போவதுதான் சரி. இதைப் பலகையில் கீறிக் காட்டுகிறவனும் நான்தான். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கமரா பொருத்திய சந்திகளில் பக்கவாட்டு மோதல்கள் 24.6 சதவீதம் குறைந்தன, பின்னால் இடிக்கும் விபத்துகள் 14.9 சதவீதம் கூடின என்கிறது. பக்கவாட்டில் இடித்தால் உயிர் போகும், பின்னால் இடித்தால் பெரும்பாலும் பம்பர்தான் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பின்னால் வருவது டிப்பராக இல்லாதவரை.

பிறகு அவனிடமிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. "நீங்கள் சொன்னபடி நின்றுவிடுகிறேன் சேர். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துக் கொல்லுகிறார்கள். நேற்று வீட்டுக்கார மேடம் முன்சீட்டில் தலையை இடித்துக்கொண்டு ஏசினார்." சந்தியை நெருங்கும்போதே பின்கண்ணாடியைப் பார் என்று பதில் அனுப்பினேன். கண்ணாடியைப் பார்க்கும் நேரத்தில் விளக்கு மாறிவிட்டால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டான்.

தண்டம் ஒன்றும் வாங்கவில்லை என்பதையும் அவன்தான் சொன்னான். அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் டுபாய்க்குப் போகிறார்கள். ஒருவன் நிதானக்காரன், அவனிடம் கமரா எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டேன். மற்றவனிடம் இன்னும் சொல்லவில்லை. வகுப்புக்கு அவன் மோட்டார் சைக்கிளில் வந்து திரும்புகிற திருப்பத்தைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.