இரண்டு இன்ஷியல், மூன்று நடை

காரைக்குடிப் பக்கமிருந்து சென்னைக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள், முக்கியமாக விலாசம், அதாவது தாத்தா, அப்பா பேர்களின் இன்ஷியல், சேர்த்துப் பேர் எழுதுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

"ஊர்லயே 1985-லேர்ந்து அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கு, உனக்கு எதுக்கு ஆத்தா பட்டணம்?" என்று அப்பத்தா கேட்டார்கள். நான் விரும்பிய முதுகலைப் பிரிவு சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். விடுதி, வகுப்பு எதிலும் குறையில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாருக்கும் ஹால் டிக்கெட் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் மைக்ரேஷன் சான்றிதழிலும் என் பேருக்கு முன்னால் ஆர்எம்.பிஎல். என்று இருக்கிறது. ஐயா (அப்பாவின் அப்பா) ராமநாதன், அப்பச்சி (அப்பா) பழனியப்பன். வீட்டு எவர்சில்வர் தூக்கில்கூட வெட்டியிருக்கும் எழுத்துகள் அவை. ஆதாரில் பேருக்குப் பின்னால் பிஎல் மட்டும். சேர்க்கை விண்ணப்பத்தை நான் ஆதாரைப் பார்த்து நிரப்பியிருந்தேன். பல்கலைக்கழகக் கவுன்ட்டரில் இருந்தவர் ஆர்எம்முக்கும் பிஎல்லுக்கும் நடுவில் இருந்த புள்ளியைப் பென்சிலால் வட்டம் போட்டு, "இதுல எதும்மா நீ? ஊருக்குப் போய் ஸ்கூல்ல மாத்திட்டு வா" என்று தாளைக் கம்பிக்கு வெளியே தள்ளினார். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அன்றிரவே பஸ் ஏறினேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "இதுல பிழையே இல்லம்மா, திருத்த வேண்டியது அங்கதான்" என்றார். போக வர ஒரு முழுப் பயணம் வீண். மறுநாள் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்கி ஓடினால், மனு வாங்குவது காலையில் மட்டுமாம். அந்த வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

மூன்றாவது தடவை போனபோது வேறொரு செக்‌ஷனில் இருந்த ஓர் அக்கா உட்கார வைத்து விவரம் கேட்டார். இரண்டு விதமாக எழுதிய பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி, பத்தாம் வகுப்புப் பட்டியலின் நகல், துறைத்தலைவர் வழியாக ஒரு கடிதம். இவ்வளவுதான் தேவைப்பட்டது. அதற்கு ஊருக்கே போயிருக்க வேண்டாம்!

அதனால் சொல்கிறேன், விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பேரையே புள்ளி, இடைவெளி மாறாமல் எழுதுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் சேர்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள். கவுன்ட்டரில் என்ன சொன்னாலும், எந்தத் தாள், யார் கையெழுத்து, எத்தனை மணிக்குள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஹால் டிக்கெட் வந்தது, இரண்டு இன்ஷியலோடு. அப்பச்சிக்குப் போன் போட்டேன், ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னார். நோட்டரி தாளில் நான்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், பட்டம் வாங்கும்போது மறுபடியும் கேட்பார்கள் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார்.