எல்லா அணுவுக்கும் எட்டு வந்தாலும் தப்பாகும் படங்கள்

நைட்ரேட் அயனிக்கு லூயி அமைப்பு (பிணைப்புகளைக் கோடாகவும் மற்ற வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியாகவும் காட்டும் படம்) வரையச் சொன்னால், விடைத்தாள்களில் இரண்டு தவறான படங்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் படத்தில் நைட்ரஜனிலிருந்து மூன்று ஒற்றைப் பிணைப்புகள், நைட்ரஜன் தலையில் ஒரு தனித்த இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை), ஒவ்வொரு ஆக்சிஜனிலும் மும்மூன்று தனித்த இரட்டைகள். இரண்டாவது படத்தில் நைட்ரஜனைச் சுற்றி ஐந்து கோடுகள்: இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஓர் ஒற்றைப் பிணைப்பு. இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே வகைத் தப்பு இல்லை. ஒன்றைப் பிடிக்கும் சோதனை மற்றதை விட்டுவிடும்.

சரியான கணக்கு இது. நைட்ரஜனுக்கு 5, மூன்று ஆக்சிஜனுக்கு 18, எதிர்மின்சுமைக்கு 1. ஆக 24 இணைதிறன் எலக்ட்ரான்கள், அதாவது வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். இந்த 24 என்ற எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வட்டமிட்ட பிறகுதான் படத்துக்குப் போக வேண்டும். மூன்று ஒற்றைப் பிணைப்புக்கு 6 போனால் மீதி 18. அதை மூன்று ஆக்சிஜனுக்கும் ஆறாறாகக் கொடுத்தால் கை காலி. நைட்ரஜனிடம் இருப்பது 6 மட்டுமே. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். இல்லாத இரண்டு எலக்ட்ரானை எங்கிருந்தோ கொண்டுவந்து நைட்ரஜன் தலையில் வைத்துவிடுகிறார்கள். அதுதான் முதல் படம். எண்ம விதி (அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்) எல்லா அணுவுக்கும் நிறைவேறிவிடுகிறது, மொத்தம் மட்டும் 26. செய்ய வேண்டியது, ஏதாவது ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டையை எடுத்துப் பிணைப்பாக மாற்றுவது. எலக்ட்ரான் இடம் மாறும், கூடாது, குறையாது.

மொத்தத்தைச் சரிபார்க்கச் சொன்னால் அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அணுவுக்கு எட்டு, நான்கு அணு, ஆக 32 என்று கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிணைப்பு எலக்ட்ரான்களை எண்ம விதிக்காகப் பார்க்கும்போது இரண்டு அணுவின் கணக்கிலும் எழுதலாம். மொத்தத்தை எண்ணும்போது ஒரே ஒருமுறைதான். கோடு ஒன்றுக்கு 2, புள்ளி ஒன்றுக்கு 1 என்று, அணுக்களையே பார்க்காமல் எண்ணிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அயனியின் மின்சுமையும் தொல்லை கொடுக்கும். அம்மோனியத்தில் நைட்ரஜனுக்கு 5, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, ஆக 9. நேர்மின்சுமைக்காக அதில் 1 கழித்தால் 8. நேர்க்குறியைக் கண்டதும் கூட்டிவிட்டால் 10 ஆகும், மிஞ்சிய இரண்டும் நைட்ரஜன் மேல் போய் உட்காரும். நைட்ரஜனைச் சுற்றி 10 எலக்ட்ரான் வந்துவிட்டதே என்று அப்போதாவது சந்தேகம் வர வேண்டும்.

இனி அந்த இரண்டாவது படம். ஐந்து கோடுக்கு 10, ஆக்சிஜன்களில் 4, 4, 6 புள்ளிகள், மொத்தம் 24. கணக்கு நேராகிவிட்டது. முறைசார் மின்சுமை (பிணைப்பு எலக்ட்ரான்களை இரு அணுவுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டால் ஒவ்வோர் அணுவிலும் வரும் சுமை) போட்டுப் பார்த்தாலோ இன்னும் மோசம், சரியான விடையைவிட இதுவே அழகாகத் தெரியும்: நைட்ரஜனில் 0, இரண்டு ஆக்சிஜனில் 0, ஒன்றில் −1. சரியான அமைப்பில் நைட்ரஜன் +1, ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன் இரண்டிலும் −1, இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் 0. மின்சுமை குறைவாக இருப்பதே நல்லது என்று மனப்பாடம் செய்தவர், நன்றாகப் படிக்கிற மாணவராக இருந்தாலும், இந்தப் பள்ளத்தில்தான் விழுவார். நைட்ரஜன் தனிம அட்டவணையில் இரண்டாம் வரிசைத் தனிமம், அதைச் சுற்றி எட்டுக்கு மேல் இடமில்லை. அந்த விதியை முதலில் பார்த்துவிட்டுத்தான் முறைசார் மின்சுமைக்கு வர வேண்டும். மொத்தம், எண்மம், மின்சுமை என்ற வரிசையை மாற்றக்கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது சோதனைக்கு வேலையே இல்லையா என்றால், கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள். ஒரு பக்கம் முப்பிணைப்பு, மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பு என்று வரைந்தாலும் மொத்தம் 16 சரி, எண்மமும் சரி. ஆனால் ஓர் ஆக்சிஜனில் +1, மற்றதில் −1. இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பு வைத்தால் எல்லாம் 0. கணக்கிடக் குறுக்கு வழி: அணுவின் இணைதிறன் எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளையும் கோடுகளையும் கழிக்க வேண்டும். புள்ளிகளைத் தனித்தனியாகக் கழிக்க வேண்டும், இரட்டையை ஒன்றாகக் கழித்தால் விடை கெட்டது. எல்லா அணுவின் முறைசார் மின்சுமையையும் கூட்டினால் அயனியின் மின்சுமை வர வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையில் எங்கோ கைவிட்டுப் போயிருக்கிறது. முன்சொன்ன 26 எலக்ட்ரான் படத்தைக் கூட்டினால் −3 வரும்.

எண்ம விதிக்கு அடங்காதவை தெரிந்த கதை. நைட்ரிக் ஆக்சைடில் 11 எலக்ட்ரான், ஒன்று தனியாகத்தான் நிற்கும். போரான் டிரைஃபுளூரைடில் போரானுக்கு 6 போதும். செனான் டெட்ராஃபுளூரைடில் 36. ஃபுளூரின்களுக்குக் கொடுத்தபின் மிஞ்சும் நான்கை மறந்துவிடுகிறார்கள், செனான் மேல் இரண்டு தனித்த இரட்டை இல்லாமல் சதுரத் தளம் நான்முகி ஆகிவிடும்.

சல்பேட்டில் கந்தகத்துக்கு நான்கு ஒற்றைப் பிணைப்பா, இரண்டு இரட்டைப் பிணைப்பா என்ற சண்டை ஓயாது. பாடநூல்கள் பலவும் இரண்டாவதை வரைகின்றன. முதலாவதில் கந்தகம் +2, ஆக்சிஜன் ஒவ்வொன்றும் −1. எட்டுக்கு மேல் எலக்ட்ரான்களுக்கு இடம் தருவதாகச் சொல்லப்பட்ட, கந்தகத்தின் டி ஆர்பிட்டால்கள் பிணைப்பில் பங்கெடுப்பது மிகச் சொற்பம் என்பதே இன்றைய கணக்கீடுகள் சொல்வது, அதனால் முதல் படத்தை மட்டமாக நினைக்கக் காரணமில்லை. 32 எலக்ட்ரானும் மின்சுமைகளும் சரியாக இருந்தால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று சோதனையையும் தாண்டிவிடும் தப்பு ஒன்றும் உண்டு: ஓசோனை முக்கோணமாக வரைவது. மூன்று ஒற்றைப் பிணைப்பு, அணுவுக்கு இரண்டு தனித்த இரட்டை. மொத்தம் 18, எல்லாருக்கும் எட்டு, முறைசார் மின்சுமை எங்கும் 0. காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் உண்மையான ஓசோன் ஏறத்தாழ 117 பாகைக் கோணத்தில் வளைந்த சங்கிலி. அதன் இரண்டு பிணைப்பும் ஏறத்தாழ 128 பிக்கோமீட்டர், ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவான நீளம். எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை எலக்ட்ரான் கணக்கு எப்போதும் சொல்லிவிடாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆகவே கேள்வித்தாளில் ஓசோனைக் கேட்டால் அணுக்கள் வளையமாக இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடலாம். எழுதாமல் விட்ட கேள்விக்கு முக்கோணம் வந்தால், எலக்ட்ரான் கணக்குக்கு உரிய மதிப்பெண்ணை முழுதாகக் கொடுத்து, இணைப்புக்கு உரியதை மட்டும் கழிப்பதே நியாயம்.