வயிற்றுவலிக்கு இரண்டாம் பரிசு

வினாடி வினாவின் மதிப்பெண் பட்டியலை இந்த முறையும் அத்தானிடமே கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வேலை சின்னது. 50-ம் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைகளைப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, சான்றிதழ் அச்சடிக்க வேண்டும். எக்செல்லில் தலைப்பு வரியில் இருக்கும் குட்டி அம்புக்குறியைத் தட்டி, 'பெரியது அல்லது சமம்' என்பதில் 50 போட்டால் தீர்ந்தது. "அதெல்லாம் பழைய காலம்டா" என்றார் அத்தான். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பிரித்துத் தரும் ஃபில்டர் ஃபார்முலா கற்று வந்திருக்கிறார். அதைச் சுற்றி, வரிசைப்படுத்தும் சார்ட் (SORT) வேறு. எண்டரைத் தட்டினார், பெயர்களை மட்டும் எடுத்துச் சான்றிதழில் ஒட்டினார், பிரிண்ட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

போட்டிக்கே வராத பையனின் அம்மா, மகன் இரண்டாம் பரிசு வாங்கியதை ஸ்டேட்டஸில் வைத்த பிறகுதான் நான் ஷீட்டைத் திறந்தேன். முதல் இடம்: வரவில்லை. இரண்டாம் இடம்: வயிற்றுவலி. 92 வாங்கிய பெண் மூன்றாவது.

அத்தானுக்குக் காலிக் கட்டம் கண்ணில் பட்டால் ஆகாது. எண் இல்லையென்றால் காரணத்தை எழுதிவிடுவார். வீட்டுக் கணக்கில்கூட ஒரு மாதம் தொகைக் கட்டத்தில் 'கோபமாக இருக்கிறாள், கேட்கவில்லை' என்று போட்டிருந்தார். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள்.

ஃபார்முலாவில் ஒப்பிடும்போது எக்செல்லுக்கென்று ஒரு சாதி வரிசை இருக்கிறது. எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. எதிரே ஒரு கோடியை நிறுத்தினாலும் வயிற்றுவலிதான் ஜெயிக்கும். எழுத்துக்கு மேலே ஃபால்ஸ், எல்லாவற்றுக்கும் உச்சியில் ட்ரூ. உண்மைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, சரி. ஆனால் பொய்யை அதற்கு அடுத்த நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கிறார்களே, இதை யோசித்தவர் நிச்சயம் குடும்பஸ்தர். கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் 0 என்று எடுத்துக்கொண்டு கழித்துக் கட்டியிருக்கும். அந்தப் பழைய காலத்து அம்புக்குறியும், பெரியதா சிறியதா என்று கேட்டால் எண்களை மட்டும்தான் பார்க்கும்.

எண்தானா என்று சோதிக்கும் ஐஸ்நம்பரையும் நிபந்தனையில் சேருங்கள் என்றேன். கூட்டல் குறியால் சேர்த்தார். கூட்டல் என்றால் 'ஏதாவது ஒன்று'. 12 வாங்கியவன் உட்பட மொத்தப் பேரும் பாஸ். "இதுதான் நன்றாக இருக்கிறது, சண்டையே வராது" என்று அத்தான் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் பெருக்கல் குறி போட்டோம். இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நின்றதும் பட்டியல் ஒழுங்குக்கு வந்தது.

அதில் மாளு இல்லை. அவளுக்கு 49. பெற்ற மகள், 49-ஐ 50 ஆக்க இரண்டு விசை போதும். அத்தான் முந்தைய நாளும் அதைத் தொடவில்லை, இப்போதும் தொடவில்லை. திரையைப் பார்த்தபடி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாளு வந்து அவர் தோள் வழியாகப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"அப்பா, அடுத்த தடவை எனக்கும் வயிற்றுவலின்னு போட்டுடுங்க."