கன்சோலுக்காக வீட்டு நெட்வொர்க்கைப் பிரித்து மேய்ந்தது

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ்ஸை ஒட்டிக் காட்டும், மேட்சுக்குள் போனால் எதிரில் இருப்பவன் தத்தித் தத்தி நடப்பான், சுட்டால் படாது. பெரிய பிளானுக்கு மாறு என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் மேட்ச் ஓடும்போது 1 எம்பிபிஎஸ்கூடத் தின்பதில்லை, அப்புறம் 200 என்ன 400 என்ன. கேமை டவுன்லோடு செய்யத்தான் வேகம் வேண்டும். விளையாட வேண்டியது குறைந்த பிங் (ஒரு பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு, சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), அது ஏறி இறங்காமல் நிற்பது, பாக்கெட் வழியில் தொலையாமல் இருப்பது. கேமிங் ரௌட்டர் என்று எட்டு ஆன்டெனாவும் சிவப்பு விளக்குமாக விற்கிறார்களே, அதை வாங்குவதற்கு முன் இருப்பதை வைத்து எதுவரை போகலாம் என்று பார்த்தேன்.

முதல் வேலை கன்சோலை வைஃபையில் இருந்து இறக்குவது. வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டும், மோதினால் மறுபடி அனுப்ப வேண்டும். சராசரி பிங் நன்றாகத்தான் தெரியும், நடுநடுவே ஒரு எகிறல் வரும், அதுதான் நம்மைக் கொல்வது. பிஎஸ்5-இல் லேன் போர்ட் இருக்கிறது. பழைய நின்டெண்டோ ஸ்விட்ச்சின் டாக்கில் கிடையாது (ஓஎல்இடி மாடலோடு வந்த டாக்கில்தான் கொடுத்தார்கள்), அதற்கு ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர். சுவருக்குள் ஏற்கெனவே ஒரு கேட்5இ கேபிள் கிடந்ததால் சுவரை உடைக்கிற வேலை மிச்சம்.

கேபிளில் போட்டதும் பிங் சீரானது, ஆனால் டவுன்லோடு 94-இல் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. இந்த 94-ஐப் பார்த்தாலே லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது என்று சந்தேகப்படலாம். 100-க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சுவர்ப்பெட்டியைக் கழற்றினால், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் ஒழுங்காகப் பொருத்தியிருக்கிறது, நீலமும் பழுப்பும் உறையோடு ஒட்ட வெட்டி விடப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் இழுத்தவருக்கு 100 போதும் என்று பட்டிருக்கும், குறை சொல்ல முடியாது. கொஞ்சம் கேபிளை வெளியே இழுத்து, உறையைச் சீவி, டி568பி வரிசையில் (வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு) இரண்டு முனையிலும் எட்டையும் பொருத்தினேன். முறுக்கை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது. லிங்க் 1000-க்கு ஏறியது. விளையாட்டுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை, அப்டேட் இறங்கும் நேரம்தான் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது நேட், வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ரௌட்டர் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு. பிஎஸ்5 டைப் 3 என்றது, ஸ்விட்ச் டி என்றது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், வெளியில் இருந்து யாரும் நம்மை எட்ட முடியாது. நண்பர்களோடு லாபியில் சேர்ந்தால் ஒருவர் குரல் கேட்கும், இன்னொருவர் குரல் கேட்காது. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை (ரௌட்டரின் வெளிப்பக்க முகவரியை) பார்த்தால் 192.168 என்று தொடங்குகிறது, அதாவது இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் ரௌட்டராக ஓடுகிறது, என்னுடையதும் ஓடுகிறது, நேட்டுக்கு மேல் நேட். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரௌட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக நிற்பதற்கு) மாற்றி, இணைய நிறுவனத்தோடு இணைய வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் என் ரௌட்டரில் போட்டேன். சரி, முடிந்தது என்று பார்த்தால் இப்போது வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. 100.64-இல் இருந்து 100.127 வரையிலான முகவரிகள் 2012-இல் சிஜிநேட்டுக்கென்றே, அதாவது இணைய நிறுவனமே தன் பக்கத்தில் செய்யும் நேட்டுக்கென்றே, ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். அந்த நிலையில் வீட்டு ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்வது (வெளியில் இருந்து வருவதைக் கன்சோலுக்குத் திருப்பிவிடுவது) வெட்டி வேலை, கதவு நம் கையிலேயே இல்லை. போன் போட்டு, பொது ஐபி வேண்டும் என்று அந்த வார்த்தையிலேயே கேட்டேன், கிடைத்தது. கேம் விளையாட முடியவில்லை என்று மொட்டையாகச் சொன்னால் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்புறம் யூபிஎன்பி. ரௌட்டரில் இருப்பது ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள், அதில் இதைத் தனியாக நிறுவ வேண்டும். உள்ளே இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் போர்ட்டைத் திறந்துவிடும் என்பதால் சிலர் இதைத் தொடவே மாட்டார்கள். நான் கேமரா, பல்பு வகையறாக்களைத் தனி நெட்வொர்க்குக்குத் தள்ளிவிட்டு, கன்சோல்கள் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் போட்டிருக்கிறேன். டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டும் வெளியே திறந்த நிலையில்) போடு என்று சொல்பவர்கள் உண்டு, அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. இப்போது பிஎஸ்5-இல் டைப் 2, ஸ்விட்ச்சில் பி. டைப் 1 வரவில்லையே என்று ஏங்க வேண்டாம், அது ரௌட்டரே இல்லாமல் நேரடியாக இணைத்தால் வருவது.

இத்தனைக்கும் பிறகும், வீட்டில் யாராவது போனில் எடுத்த வீடியோக்கள் கிளவுடுக்கு ஏறத் தொடங்கியதும் கேம் திணறியது. லேப்டாப்பில் பிங்கை ஓடவிட்டு ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்து பார்த்தேன்: 22 மில்லிசெகண்டில் இருந்தது 400-ஐத் தாண்டியது, அப்லோடை நிறுத்தியதும் பழையபடி 22. கணக்கு எளிது. என் அப்லோடு 20 எம்பிபிஎஸ். மோடத்தின் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகள் நிற்கும் மெமரியில்) 1 மெகாபைட் தேங்கினால் அது 8 மெகாபிட், வெளியேற 0.4 நொடி. கேமின் குட்டிப் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று ஜிம் கெட்டிஸ் 2010-இல் பெயர் வைத்தார்; மெமரி மலிவானதும் எல்லாப் பெட்டியிலும் பஃபரைப் பெருக்கிவிட்டார்கள், பாக்கெட்டைத் தொலைக்காமல் இருப்பதே பெரிய புண்ணியம் என்று.

மருந்து எஸ்கியூஎம், ரௌட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வரம்பு வைத்தால் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரௌட்டரில் சேரும், அங்கே யாரை முதலில் விடுவது என்று நாம் முடிவு செய்யலாம். டவுன் 180, அப் 18 என்று வைத்தேன், கியூ வகையில் கேக் (வரிசையை நிர்வகிக்கும் ஒரு நிரல்), ஸ்கிரிப்டில் பீஸ் ஆஃப் கேக், ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகள்) 44. கேக் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போடுகிறது. அடிக்கடி வரும் சின்னப் பாக்கெட்டுகள் காத்திருக்காமல் போய்விடும், பெரிய அப்லோடுதான் தன் வரிசையில் தானே நின்றுகொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கும் யோசனை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், 100 மில்லிசெகண்டாக எந்தப் பாக்கெட்டும் 5 மில்லிசெகண்டுக்குக் கீழே நின்று போகவில்லை என்றால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கு. அதே ஃபைலை ஏற்றியபடி மறுபடி பிங் பார்த்தேன், 24, 26, எப்போதாவது 30. கேபிள், நேட் என்று செய்த எல்லாவற்றையும்விட இந்த ஒன்றில்தான் வித்தியாசம் கையில் தெரிந்தது, அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாமல். 20 எம்பிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு 2 எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுப்பதற்கு மனம் வராதவர்கள் இதை முயலவே வேண்டாம்.

ஒரு தொல்லை, எஸ்கியூஎம் ரௌட்டரின் பிராசசரைத் தின்னும். ஹார்டுவேர் ஆஃப்லோடிங் (பிராசசரைத் தொடாமல் தனிச் சில்லே பாக்கெட்டை அனுப்பும் வசதி) ஓடினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம் கண்ணில் படாமலே தாண்டிப் போகும், அதனால் அதை அணைத்தே ஆக வேண்டும், அணைத்ததும் சுமை இன்னும் ஏறும். என் ரௌட்டர் 180-க்குத் தாக்குப்பிடிக்கிறது. கிகாபிட் லைன் வைத்திருப்பவர்களின் ரௌட்டர் இதில் மூச்சுவாங்கும், ஆனால் அவ்வளவு அப்லோடு இருந்தால் வரிசை தேங்குவதும் அபூர்வம்தான்.

தீராதது தூரம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், சர்வர் 3000 கிலோமீட்டரில் இருந்தால் போய்வர 30 மில்லிசெகண்ட், ரௌட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதற்குக் கீழே வராது. கேமிலேயே ரீஜனை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு கேம் மட்டும் மாலை நேரத்தில் இன்னும் இழுக்கிறது. டிரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரையும், அதாவது ஹாப்பையும், காட்டும் கருவி) பார்த்தால் முதல் நான்கு ஹாப்பும் சுத்தம், ஐந்தாவதில் 90-க்கு எகிறுகிறது, அதற்கப்புறம் வரும் எல்லா ஹாப்பிலும் அது அப்படியே தொடர்கிறது, வீட்டுக்கு வெளியே எங்கேயோ நெரிசல். ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் போட்டிருக்கிறேன், பதில் வரும்வரை அதைக் காலையில் விளையாடிக்கொள்கிறேன்.