மரத்தாண்டவருக்கு அம்மா ஊத்துன பால்

பகாங்ல இருக்கற மாரான் மரத்தாண்டவர் முருகன் கோயிலுக்கு வேண்டுன ஆறு வருஷ நேர்த்திக்கடன், 2025 பங்குனி உத்திரத்துலதான் முடிஞ்சுது. மலேசியாவுல 2019 செப்டம்பர் புகைமூட்டத்துல எம்பொண்ணுக்கு நாலு வயசு, ஆஸ்பத்திரி கட்டில்ல மூஞ்சில மாஸ்க் போட்டு நெபுலைசர் ஓடுது, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ள போயி போயி வருது. அம்மா அங்கயே மஞ்சத்துணில காசு முடிஞ்சு "மாரான் மரத்தாண்டவா, புள்ளைக்கு மூச்ச குடுத்துரு, பால்குடம் எடுக்கறோம்"னு வேண்டிக்கிட்டாங்க. ரெண்டாம் நாளே புள்ள எந்திரிச்சு சாப்பிட மீகூன் கேட்டா. அடுத்த வருஷம் எம்சிஓன்னு கொரோனா ஊரடங்கு, அப்புறம் அப்பா தவறிட்டாரு, இப்படியே தள்ளிப்போயிட்டு இருந்துச்சு, அம்மா மட்டும் மாசம் தவறாம ஞாபகப்படுத்துவாங்க.

எங்க ஊரு பஹாவ்ல விடிகாலை மூணு மணிக்கு கெளம்புனோம். த்ரியாங் தாண்டி தெமர்லோ வரைக்கும் காடி லைட்டு படுற எடமெல்லாம் செம்பனைதான், எண்ணெய் எடுக்கற பனை. பாலத்துல பகாங் ஆத்தப் பாத்து அம்மா கும்பிட்டாங்க. 2014லயும் 2021லயும் பொங்கி வந்து தெமர்லோவ முங்கடிச்ச ஆறு, இப்ப தேத்தண்ணி கலர்ல சும்மா போயிட்டு இருக்கு. மாரான் போனா அதுவும் தோட்டத்து ஊருதான். பக்கத்துல ஜெங்கா பூரா 1960கள் கடைசில இருந்து காட்ட அழிச்சு ஃபெல்டாங்கற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்துல செம்பனை வச்ச மண்ணு.

கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். காடி நிறுத்த யாரோ ஒருத்தன் கயித்தக் கட்டிட்டு இருபது ரிங்கிட் வாங்குனான், ரசீது கேட்டா மொறைக்கிறான். அர்ச்சனைத் தட்டு விக்கிறவங்க கையப் புடிச்சு இழுக்கறாங்க. அதக்கூட பொறுத்துக்கலாம், வழி நெடுக பாலிஸ்டைரின் பெட்டியும் தண்ணி போத்தலும் மிதிபட்டுக் கெடக்கறத பாக்க முடியல. பால்குடம் கட்டுற எடத்துல காலி பால் பாக்கெட் முழங்கால் உயரத்துக்கு குமிஞ்சு, வெயில்ல புளிச்ச நாத்தம். முருகன் மரத்துல வந்து நின்ன எடம்ங்க இது!

கதை உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான், வெள்ளக்காரன் காலத்துல ரோடு போட வந்தப்போ இந்த மரத்த வெட்ட, ரத்தம் வந்துச்சு, ரோட்டையே வளைச்சு விட்டாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான், அன்னிக்குத்தான் அது எனக்குள்ள எறங்குச்சு.

ரெண்டரை மணி நேரம் வரிசை. புள்ள தலையில சின்ன குடம், நான் பின்னால புடிச்சுக்கிட்டே வர்றேன், ஒரு தடவகூட இருமல, நான் அதையேதான் காது குடுத்து கேட்டுக்கிட்டு வந்தேன். சந்நிதி கிட்ட வந்ததும் ஐயரு குடத்த வாங்குனாரு, பின்னாலேர்ந்து தள்ளுறாங்க, நகருங்க நகருங்கன்னு சத்தம். அம்மா நகரல. ரெண்டு கையும் கூப்பி, புள்ளைக்கு நல்லாருக்கணும்னு வேண்டுவாங்கன்னு நெனச்சா, வாய்விட்டு இப்படி சொல்றாங்க: "இருபது வருஷம் ரப்பர் பால் மரத்த கீறி கீறி பால் எடுத்தேம்பா. அப்புறம் அத தள்ளிட்டு செம்பனை வச்சாங்க, அதுல மருந்து அடிச்சேன். புழு பூச்சி புல்லு எத்தன உசுரு கருகுச்சோ. எடுத்த பாலுக்கு இந்தப் பால வாங்கிக்க, எம்பேத்தி மூச்சுல அத கழிக்காத."

எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. மொதல்ல கோவம்தான் வந்துச்சு, இவங்க ஏன் மன்னிப்பு கேக்கணும்னு. கூப்புன அந்தக் கைய பாத்தேன், கட்டவிரல் நகம் ரெண்டும் மஞ்சளா தடிச்சு நடுவுல பொளந்து கெடக்கு, பாரகுவாட்டுங்கற களைக்கொல்லி மருந்து கலக்குன கை. கையுறைகூட தராத தோட்டம். 2002ல அந்த மருந்த நிறுத்தறோம்னு அரசாங்கத்துல சொன்னாங்க, 2006ல திரும்ப விட்டாங்க, ஒரேயடியா தடை வந்தது 2020 ஜனவரில, அதுக்கு ரொம்ப முன்னாடியே அம்மா வேலைய விட்டு நின்னுட்டாங்க. அந்த 2019 புகையும் சும்மா வந்துச்சா? சுமத்ரா, கலிமந்தான்ல காட்டையும் சதுப்பு நெலத்து கரிமண்ணையும் தோட்டம் போட கொளுத்துனது, அந்த மண்ணு அடியில கனிஞ்சுகிட்டே கெடக்கும், லேசுல அணையாது. அங்க தோட்டம் போட்டதுல நம்ம நாட்டுக் காசும் உண்டு. லாபம் பாத்தவங்க யாராச்சும் இந்த வரிசையில நின்னாங்களா?

ஆனா நானும் செம்பனைக்குல லோரி ஓட்டித்தான் சோறு திங்கிறேன். அந்தப் புகை மாசத்துலயே வீட்டுக்குப் பின்னால காஞ்ச எலையக் குமிச்சு கொளுத்துனவன், புள்ள உள்ள தூங்குது. இத யார்கிட்டயும் சொன்னதில்ல, மரத்தாண்டவர்கிட்ட அன்னிக்கு சொல்லிட்டேன். அந்த மரத்துக் கதையில ரத்தத்த மொதல்ல பாத்தது தொரை இல்ல, கோடாலி புடிச்ச கூலியாளு. மேல இருந்து உத்தரவு வரட்டும்னு நிக்காம அவன் கைய நிறுத்திட்டான். முருகன் அவனுக்குத்தானே காட்டுனான்!

ஐயரு ஒண்ணும் சொல்லாம அம்மா கையிலயே குடத்த திருப்பிக் குடுத்து, மிச்ச பால நீங்களே ஊத்துங்கம்மான்னுட்டாரு, அந்தக் கூட்டத்துல அப்படி யாருக்கு கெடைக்கும், முருகா என்னப்பா சொல்லுவேன், கண்ணுல தண்ணி நிக்கல, இப்ப டைப் பண்ணும்போதும் நிக்கல.

வெளிய வந்ததும் அம்மா உக்காரல. அரிசிக் கோணி ஒண்ணு கேட்டு வாங்கி பால் பாக்கெட்ட பொறுக்க ஆரம்பிச்சாங்க, புள்ளயும் கூட சேந்துக்கிட்டா, பாத்துட்டு ஈப்போவுலேர்ந்து வந்த ஒரு குடும்பமும் குனிஞ்சுது. நாலு கோணி. நல்லா இருக்கணும் அவங்க.

ராத்திரி பஹாவ் வந்து சேந்தப்போ மணி பதினொண்ணு. அம்மா காடிய தோட்டத்து ஆளுங்க குடியிருந்த பழைய லயத்துப் பக்கம் விடச்சொன்னாங்க. அங்க மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால ஒரே ஒரு பால் மரம் மிச்சம் இருக்கு. ஃபோன் லைட்ட அடிச்சேன், சாய்வா சாய்வா பழைய கத்தித் தழும்பு, தடிச்சு ஆறிப்போயி. இது நான் பால் வெட்டுன என் நெர மரம்னாங்க. பொட்டலத்துல இருந்த திருநீற எடுத்து ஒவ்வொரு தழும்பா தடவுனாங்க. புள்ள பின் சீட்டுல தூங்கிட்டா, கண்ணாடி எறக்கி விட்டிருந்தேன், மூச்சு சீரா வந்துக்கிட்டு இருந்துச்சு.